மட்கார்டுக்குள் ஒரு சத்தம்

அத்தியாயம் 6

"வண்டியைத் தொடாத தம்பி. தள்ளி நின்னு பாரு."

தேவராஜ் இவ்வளவுதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. யாராவது அதட்டினால் கிரி தாங்கிக்கொள்வான். அதட்டுகிற மனுஷனே நடுங்கினால் அவனுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

"நான் தொடல சார். அது என்னைத் தொடாம இருந்தாச் சரி," என்றான்.

பயம் வந்தால் கிரிக்கு வாய் ஓடும். மதுரையிலிருந்து சாஃப்ட்வேர் கோர்ஸ் படிக்க, செகந்திராபாத் பக்கத்து அமீர்பேட்டுக்கு வந்தவன். கோர்ஸ் முடித்து, வேலை தேடிக் களைத்து, ஹாஸ்டலுக்கு மேல்மாடியில் தொங்கிய துப்பறியும் நிலைய போர்டைப் பார்த்து வேடிக்கையாக ஏறிப் போனான். அப்படிப் போனவன் இன்னும் இறங்கவில்லை. அந்த நிலையத்தின் முதலாளி, நிபுணர், சில நாள் பெருக்குகிறவள் எல்லாமே வேதாதான். வேதா முன்பு வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, வண்டிக்காரன் சொல்கிற கதை நிஜமா புளுகா என்று சொல்வதே அவள் பிழைப்பாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் மனிதர்களைப் பார்த்தாலும் எங்கே ஒடுங்கியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பாள்.

இப்போது அவள் பாலாநகரின் உள்சந்து ஒன்றில், தேவராஜின் தகரக் கொட்டகைக்குள், அப்பாவின் பழைய ஜீப்பை அழகுபடுத்த வந்த பணக்காரப் பெண்மணியாக நின்றுகொண்டிருந்தாள். கிரி அவளுடைய டிரைவர். டிரைவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது இருவருக்குள் இருந்த ரகசியம்.

தசரா முடிந்த வாரம். சந்தில் பாதிப் பட்டறைகள் இன்னும் திறக்கவில்லை. கரண்டும் இல்லை. கூரையில் பதித்திருந்த பிளாஸ்டிக் தகடு வழியாகக் கலங்கலாக இறங்கிய வெளிச்சத்தில் அந்த பிக்கப் நின்றது. ஐம்பதுகளில் அமெரிக்காவில் செய்த வண்டி. கூரையை வெட்டித் தாழ்த்தி, மட்கார்டுகளை இரு பக்கமும் அகலமாக்கி, தரையோடு படுக்க வைத்திருந்தார்கள். இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. உடம்பெல்லாம் சாம்பல் நிற பிரைமர். கண்ணாடி ஒரு சாண் உயரம்கூட இல்லாததால் உள்ளே யாராவது இருந்தாலும் வெளியே தெரியாது. கிரிக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"முன்னாடி எவ்வளவு உயரம் இருந்தது?" என்று கேட்டாள் வேதா.

"இன்னும் ஒரு அடி மேடம். ரோட்ல போனா பஸ் போற மாதிரி இருக்கும். ஓனர் மாதவ் சார்தான் தாழ்த்தணும்னு சொன்னார். இப்பப் பார்த்தா அதே வண்டின்னு யாராவது சொல்வாங்களா?"

"சொல்ல மாட்டாங்க," என்றாள் வேதா. கைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி, வண்டியின் முதுகில் ஓட்டினாள். காந்தம் எங்கேயும் நழுவவில்லை. "பள்ளம் மறைக்கப் பூசற புட்டி நகக்கண் அளவுகூட இல்ல. எல்லாம் தகடு, கையால தட்டினது. யார் செஞ்சது?"

தேவராஜ் தொண்டையைச் செருமினார். "பிளஸ்ஸன்னு ஒரு பையன் இருந்தான். முடிச்சுக் குடுத்துட்டு தசராவுக்கு முந்தியே நின்னுட்டான். எங்க போனான்னு தெரியல."

"அதுக்கப்புறம் இங்க வேலை?"

"ஒண்ணும் இல்ல. பூஜை போட்டதோட சரி. பசங்க ஊருக்குப் போயிட்டாங்க. ஒருத்தரும் ஒரு ஆயுதத்தைத் தொடல."

கிரி சுற்றிப் பார்த்தான். கட்டிங் மெஷின், டிரில், வெல்டிங் செட், பட்டறைக்கல் எல்லாம் குங்குமமும் மஞ்சளும் வைத்து, வாடிய சாமந்தி மாலையோடு உட்கார்ந்திருந்தன. தூசி படிந்திருந்தது. தகட்டை இரண்டு உருளைகளுக்கு நடுவில் விட்டு வளைக்கிற மெஷின் மட்டும் மாலை இல்லாமல் நின்றது. அதன் மாலை பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. வேதாவின் பார்வை அந்த ஆணியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நகர்ந்தது.

"உட்கார்ந்து பேசலாமா? ஜீப் போட்டோ காட்டறேன்," என்றாள். காலையில் வந்த பிளாஸ்டிக் பையையும் கையோடு எடுத்துக்கொண்டாள். "கிரி, நீ இங்கேயே இரு. யாருக்கும் எதுவும் சொல்லாதே. நான் சொல்ற வரைக்கும் போன் எடுக்காதே."

"இந்த வண்டி ஏதாவது கேட்டா பதில் சொல்லலாமா மேடம்?"

அவள் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடித் தடுப்பு போட்ட ஆபீஸ் அறைக்குள் போய்விட்டாள். தேவராஜ் கதவைச் சாத்தினார்.

தனியாக நின்ற கிரிக்குக் காலையில் வந்த பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது.

எமி என்று சொன்னாள். பிளஸ்ஸனின் மனைவி. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பமாம். ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று ஊர் உருது கலந்த தமிழ். "ஹவ் மேடம், வேலைக்குப் போனவர் திரும்பல. போன் ஆஃப். போலீஸ் நக்கோ மேடம், அவர் பேரு கெட்டுடும். எங்க இருக்கார்னு மட்டும் கண்டுபிடிச்சு முதல்ல எனக்குச் சொல்லுங்க," என்று அழுதாள். அடையாளத்துக்கு ஒரு சட்டையும் கொடுத்தாள். நீல நிறத்தில், பளபளவென்று, கையில் வழுக்கிக்கொண்டு போகிற சட்டை. "தினம் இதைப் போட்டுக்கிட்டுத்தான் வெல்டிங் அடிப்பார். நான்தான் துவைப்பேன்." கிரிக்குத் தன் அக்கா அழுவதுபோல இருந்தது. வேதா அந்தச் சட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று கிரி மனசுக்குள் திட்டினான்.

கொட்டகைக்குள் எங்கோ தண்ணீர் சொட்டியது. கிரி சும்மா இருக்க முடியாமல் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். வாயைத் திறந்தால் எதிரொலித்தது. பேசாமலிருக்கப் பயமாக இருந்ததால், விரல் கணுவால் வலது மட்கார்டைத் தட்டினான்.

ணங் என்றது. சுத்தமான தகட்டுச் சத்தம்.

அது கொஞ்சம் தைரியம் கொடுத்தது. இந்தப் பக்கம் வந்து இடது மட்கார்டைத் தட்டினான்.

தொம்.

கிரியின் கை அப்படியே நின்றது. மறுபடி தட்டினான். தொம். உள்ளே எதையோ அடைத்து வைத்ததுபோல. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு, உள்ளேயிருந்து இன்னொரு சத்தம் வந்தது. மிகச் சின்னதாக, தெளிவாக.

கிளிங்.

கிரி இரண்டு எட்டு பின்னால் போனான். முதுகில் வெல்டிங் மேஜை இடித்தது. மட்கார்டு அகலம்தான், ஆனால் ஓர் ஆளை அதற்குள் அடைக்க முடியுமா? முழு ஆளை முடியாது. அதற்கு மேல் யோசிக்க வேண்டாம் என்று அவன் மனசுக்குச் சொன்னான், மனசு கேட்கவில்லை. மோதிரம் போட்ட கை ஒன்று உள்ளே கிடப்பதுபோலவும், தட்டும்போது மோதிரம் தகட்டில் உரசுவதுபோலவும் தோன்றிக்கொண்டே இருந்தது. "முருகா, காப்பாத்து. இனிமே டிரைவர் வேஷமே போட மாட்டேன்," என்று முணுமுணுத்தான்.

கண்ணை வண்டியிலிருந்து பிடுங்கி எடுத்தபோதுதான் தூணில் மாட்டியிருந்த சட்டை தெரிந்தது. பழைய பருத்திச் சட்டை. நெஞ்சிலும் கையிலும் ஓட்டை ஓட்டையாக, சல்லடைபோல் இருந்தது. கிரி அதைத் தொட்டுப் பார்த்தான். கழுத்துப் பட்டை ஈரமாக இருந்தது. வேர்வை.

யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்டிருக்கிறான். தேவராஜ் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை; பசங்கள் யாரும் இல்லை. அப்படியானால்?

உயிரோடு இருக்கிறான். இங்கேதான் இருக்கிறான்.

மோதிரக் கை போன இடம் தெரியவில்லை. நிம்மதியில் கிரிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷமே எமி அழுத முகம் வந்தது. வேதா சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் கணவனைக் காணாமல் ஒரு பெண் அங்கே தவித்துக்கொண்டிருக்கும்போது ஒரு வார்த்தை சொல்வதில் என்ன குடி முழுகிவிடும்? போனை எடுத்து, 'உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கார் அக்கா. தேவராஜ் பட்டறையிலதான்' என்று அடித்து, லொகேஷனையும் அனுப்பினான்.

அனுப்பிய உடனே இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதிலும் வந்தது.

'அங்கேயே பிடிச்சு வைங்க. பக்கத்துலதான் இருக்கோம்.'

கிரி அதை இரண்டு முறை படித்தான். 'நல்லா இருக்காரா?' என்று கேட்கவில்லை. 'கடவுளே' என்றும் இல்லை. பிடித்து வை என்றால் என்ன அர்த்தம்? இருக்கோம் என்றால், கூட யார்?

அப்போது வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு வந்து அவன் கணுக்காலைப் பிடித்தது.

கிரி கத்தினான். பிறகு யார் கேட்டாலும் கத்தவில்லை என்றுதான் சொல்வான். ஆனால் அந்தக் கத்தலில்தான் ஆபீஸ் அறைக் கதவு திறந்து வேதாவும் தேவராஜும் ஓடி வந்தார்கள்.

வண்டிக்கு அடியிலிருந்து முன்பக்கம் வரை, தரையில் எண்ணெய் மண் பூசிய பலகைகள் விலகியிருந்தன. வண்டிக்குக் கீழே நின்று வேலை பார்ப்பதற்கான குழி. அதிலிருந்து பனியனோடு, கையில் சுத்தியலோடு ஒருவன் தலையை நீட்டிக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். கிரியைவிட அவன்தான் அதிகமாகப் பயந்திருந்தான்.

"யார்ரா நீ? கைக்கு, எதுக்கு மட்கார்டைத் தட்டினே? அவன் அனுப்பினானா?"

"யாரும் அனுப்பல அண்ணே! சுத்தியலைக் கீழ போடுங்க. உங்க வீட்டம்மாதான் அனுப்பினாங்க. எமி அக்கா."

அவன் முகம் மாறியது. திரும்பிக் குழிக்குள் பார்த்தான். உள்ளேயிருந்து இன்னொரு தலை மெதுவாக மேலே வந்தது. ஒல்லியான பெண்; கழுத்தில் சின்னச் சிலுவை; கையில் பாதி சாப்பிட்ட டிபன் கேரியர்த் தட்டு.

"நான் யாரையும் அனுப்பலயே," என்றாள் அவள். "நான்தான் எமி."

கிரியின் வாய் முதல் தடவையாக அவனைக் கைவிட்டது.

வேதா கையிலிருந்த பளபளச் சட்டையை வெல்டிங் மேஜைமேல் விரித்துப் போட்டாள். பக்கத்தில் தூணிலிருந்த பருத்திச் சட்டையை எடுத்துப் போட்டாள்.

"காலையிலேயே சந்தேகம். தீப்பொறி தெறிச்சா இந்தத் துணி உருகி உடம்போட ஒட்டிக்கும். வெல்டிங் அடிக்கிறவன் எவனும் இதைப் போட மாட்டான். அவன் சட்டை இப்படிப் பொத்தல் பொத்தலாத்தான் இருக்கும். தினம் துவைக்கிறவளுக்கு இது தெரியாமப் போகுமா? புருஷனைக் காணோம்னு அழுதவ சட்டையைப் புதுசாக் கடையில வாங்கிட்டு வந்திருக்கா."

"மாலையையும் பார்த்தீங்களே," என்றார் தேவராஜ் பலவீனமாக. கிரி பக்கம் திரும்பிச் சொன்னார்: "உள்ள போன உடனே அதைத்தான் கேட்டாங்க தம்பி. யாருமே தொடலைன்னா மாலையை ஆணியில மாட்டினது யாருன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"மாலையோட உருளை சுத்தாது," என்றாள் வேதா. "கழட்டின மாலையைக் கீழ போடாம பத்திரமா மாட்டியிருக்கான்னா, பூஜைக்கு மரியாதை குடுக்கிறவன். ஓடிப்போனவன் இல்ல. ஆள் இங்கேயே, நம்பிக்கையான இடத்துல இருக்கான்னு தெரிஞ்சுது. ஸ்டேஷனுக்குப் பேசிட்டேன். வந்துட்டிருக்காங்க. அவங்க வர்ற வரைக்கும் நாம இங்க இருக்கிறது வெளிய ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். கிரி மட்டும் ஆட்டவில்லை.

"மேடம்," என்றான். போனை நீட்டினான்.

வேதா படித்தாள். திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. அவள் முகம் வெளிறியதை அவன் அன்றுதான் முதலில் பார்த்தான். தன்னால் ஒரு மனுஷன் சாகப் போகிறான் என்பது கிரிக்கு அப்போது முழுசாக உறைத்தது.

"சீக்கிரம் சொல்லுங்க பிளஸ்ஸன். அவங்களுக்கு உங்ககிட்ட என்ன வேணும்?"

பிளஸ்ஸன் குழியின் விளிம்பில் உட்கார்ந்தான். "டிங்கரிங்ல வெட்டி எடுக்கிற பழைய தகடு எங்களுக்குத்தான் மேடம் சேரும். எடைக்குப் போடுவோம். எந்த ஓனரும் அதைக் கேட்டதே இல்ல. இந்த மாதவ் சார் மட்டும், ஒரு துண்டு விடாம எல்லாம் திரும்ப வேணும்னார். குப்பையை எதுக்கு இந்த மனுஷன் கேக்கறார்னு, அப்புறம்தான் ஒவ்வொரு தகடா உத்துப் பார்த்தேன். இடது மட்கார்டு முன்னாடி ஒடுங்கியிருந்துச்சு. யாரோ உள்ளேர்ந்து அவசரத்துல தட்டி நிமிர்த்தி, மேல புட்டி அப்பியிருந்தாங்க. லைட்டுக்குப் பின்னால கையை விட்டேன்..." எமி அவன் தோளில் கை வைத்தாள்.

"போன மாசம் ரிங் ரோடு பக்கம் விடிகாலையில ஒரு வண்டி ஆளை அடிச்சிட்டு நிக்காமப் போயிடுச்சு," என்றாள் வேதா மெதுவாக. "உயரமான பழைய காலத்து பிக்கப்னு யாரோ பார்த்துச் சொன்னாங்க. அப்படி ஒரு வண்டியே ஊர்ல கிடைக்கலைன்னு பேப்பர்ல வந்தது."

"எப்படிக் கிடைக்கும்? அதைத்தான் நான் என் கையாலயே குள்ளமாக்கிட்டேனே," என்றான் பிளஸ்ஸன். "மத்த தகடெல்லாம் குடுத்தேன். இடது மட்கார்டு எங்கன்னு கேட்டு ஆள் வந்துச்சு. எடைக்குப் போட்டுட்டேன்னு சொன்னேன். நம்பல. வீட்டுக்கு வந்தாங்க. நாளைக்கு டெலிவரி, பெயிண்ட் வேற இடத்துல. அதுக்குள்ள என் வாயை அடைக்கணும்."

"அந்த மட்கார்டு இப்ப எங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் வெளியே ஒரு கார் வந்து நின்றது. இரும்பு கேட்டை யாரோ தட்டினார்கள்.

"வேதா மேடம்! நான் எமி!"

குழிக்குள்ளிருந்த எமி தன் பெயரைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திரும்பக் குழிக்குள்ள போயிடறோம்," என்றான் பிளஸ்ஸன். "ரெண்டு தடவை தேடியும் இதைக் கண்டுபிடிக்கல."

"அப்ப சந்தேகத்துல தேடினாங்க. இப்ப இவன் எழுதியே குடுத்திருக்கான். தரையைத் தோண்டியாவது எடுப்பாங்க." வேதா ஒரு விநாடி யோசித்தாள். "ஆள் கிடைச்சிட்டா யாரும் தேட மாட்டாங்க. அவளுக்கு உங்க முகம் போட்டோவுலதான் தெரியும்."

அவள் பொத்தல் சட்டையை எடுத்தாள். மாலை போட்டிருந்த வெல்டிங் முகமூடியை எடுத்தாள். பிறகு கிரியைப் பார்த்தாள். கிரி அவளைப் பார்த்தான். அவன் உயரம்தான் பிளஸ்ஸனும்.

"வேண்டாம் தம்பி," என்றார் தேவராஜ்.

"இல்ல சார். அனுப்பினது நான்தானே," என்றான் கிரி. இன்னொருவனின் வேர்வை ஈரத்தில் கையை நுழைத்தபோது அவனுக்குப் பல் கிட்டியது.

"ஒரே ஒரு விஷயம்," என்றாள் வேதா, முகமூடியை அவன் தலையில் மாட்டிக்கொண்டே. "காலையில அவ உன் குரலைக் கேட்டிருக்கா. வாயே திறக்கக் கூடாது. என்ன ஆனாலும்."

பயந்தால் பேசுகிறவனிடம் இதைச் சொல்கிறாள். கிரி தலையாட்டினான். முகமூடி இறங்கியது. உலகம் அணைந்தது.

வெல்டிங் கண்ணாடி வழியாக நெருப்பு மட்டும்தான் தெரியும். கரண்ட் இல்லாத கொட்டகையில் கிரி முழுக் குருடனாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பலகைகள் மூடுகிற சத்தம். கேட் திறக்கிற சத்தம். செருப்புச் சத்தம் ஒன்று; பூட்ஸ் சத்தம் இரண்டு ஜோடி.

"உங்க டிரைவர் பையன் எங்க மேடம்?"

"டீ வாங்கப் போயிருக்கான். இதோ, உங்க வீட்டுக்காரர். ரொம்ப பயந்திருக்கார். முகத்தைக் காட்ட மாட்டேங்கறார், வாயும் திறக்க மாட்டேங்கறார்."

"என்னங்க!" என்று அழுதுகொண்டே ஒரு கை கிரியின் தோளைப் பற்றியது. நல்ல சென்ட் வாசனை. அழுகையும் நன்றாகத்தான் இருந்தது. காலையில் அவனை ஏமாற்றிய அதே அழுகை.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்கம்மா. இவர்தானே பிளஸ்ஸன்? தப்பான ஆளை அனுப்பிட்டேன்னு நாளைக்கு என் தலையில பழி வரக் கூடாது," என்றாள் வேதா.

"ஹவ் மேடம், இவர்தான். என் புருஷனை எனக்குத் தெரியாதா?"

"மேடம், நீங்க உள்ள போங்க. நாங்க பார்த்துக்கறோம்," என்றது ஓர் ஆண் குரல். கிரியின் இரு கைகளும் பிடிபட்டன. விலாவில் ஏதோ கூர்மையாக அழுத்தியது. கத்தியா, ஸ்க்ரூ டிரைவரா, தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவனுக்கு ஆசையில்லை. காதோரம் அந்தக் குரல் தணிந்த குரலில் கேட்டது: "மட்கார்டை எங்கடா வச்சிருக்கே? சொன்னா வீட்டுக்குப் போகலாம். சொல்லலைன்னா இந்தச் சட்டையில இன்னொரு பொத்தல், அவ்வளவுதான்."

கிரிக்குச் சொல்ல நூறு வார்த்தை இருந்தது. நான் அவன் இல்லை, என் பேர் கிரி, எங்கம்மாவுக்கு நான் ஒரே பையன் என்று எல்லாம் தொண்டை வரை வந்து முட்டியது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கால்கள் தானாக நடந்தன. கூரையின் வெக்கை போய் வெயில் தோளில் பட்டது. கேட்டைத் தாண்டிவிட்டோம். கார்க் கதவு திறக்கிற சத்தம். தலையை அமுக்கி உள்ளே தள்ளினார்கள். முகமூடி கதவில் இடித்து மண்டைக்குள் எதிரொலித்தது. ஏறிவிட்டால் முடிந்தது. அவன் கார்க் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். பின்னாலிருந்து ஒரு உதை விழுந்தது. விரல் ஒன்று நழுவியது. இன்னொன்று.

பிரேக் கிறீச்சிட்டது. பூட்ஸ் சத்தம், இந்த முறை நிறைய.

"ஏமய்யா, எக்கடிக்கி?" எங்கே போகிறீர்கள் என்று தெலுங்கில் கேட்டது ஒரு கரகரத்த குரல். விலாவிலிருந்த கூர்மை மாயமாக மறைந்தது.

"சார், இவர் என் வீட்டுக்காரர். உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்," என்று தெலுங்கில் படபடத்தாள் அவள்.

"உன் புருஷனா? நிச்சயமா?"

"நிச்சயமா சார். சாமி சத்தியமா."

யாரோ முகமூடியைத் தூக்கினார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. எதிரே இன்ஸ்பெக்டர், நாலைந்து போலீஸ்காரர்கள், குறுக்கே நிறுத்திய ஜீப். பக்கத்தில், காலையில் வந்து அழுத, மூக்குத்தி போட்ட அந்த முகம், நிறம் வெளுத்து.

"அக்கா," என்றான் கிரி, "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

சொல்லிவிட்டு ரோட்டோரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

அவர்களை ஜீப்பில் ஏற்றி, மாதவ் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டு, இன்ஸ்பெக்டர் கொட்டகைக்குள் வந்தபோது பிளஸ்ஸன் குழியைவிட்டு ஏறி வந்து, உளியும் சுத்தியலுமாக இடது மட்கார்டுக்கு முன் மண்டியிட்டிருந்தான். ஒரு போலீஸ்காரர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பழைய மட்கார்டு எங்கன்னு கேட்டீங்களே மேடம்," என்றான். "நான் அதைக் கழட்டவே இல்ல. பூஜை முடிஞ்ச ராத்திரியே, அவங்க கேட்டு வர்றதுக்கு முந்தி, அதுக்கு மேல புதுத் தகடு போட்டு மூடிட்டேன். சட்டைக்கு மேல சட்டை மாதிரி. அவர் தேடற சாமானை அவர் வண்டியிலயே பூட்டி வச்சிட்டேன். எங்க கொண்டு போனாலும் இது கூடவே போகும், ஒரு நாள் யாராவது கேப்பாங்கன்னு."

"இதுக்குப் பதிலா இவர் ஓடியிருக்கலாம் சார்," என்றாள் எமி இன்ஸ்பெக்டரிடம். "எங்கண்ணன் நாக்பூர்ல இருக்கான், போயிடலாம்னு நான் கெஞ்சினேன். நக்கோ, இதை விட்டுட்டு வர மாட்டேன்னுட்டார். அதான் நானும் குழிக்குள்ள வந்து உட்கார்ந்தேன்."

உளி தகட்டின் ஓரத்தில் நுழைந்தது. பிளஸ்ஸன் தன் கையால் வளைத்து, தேய்த்து, வெல்டிங் இல்லாமலே ஓரம் மடித்து, ஒட்டுத் தெரியாமல் சேர்த்த வேலையைத் தானே கிழித்தான். புதுத் தகடு மடங்கி விலகியது. உள்ளே பழைய மட்கார்டு தெரிந்தது. வெள்ளைப் பெயிண்ட். அவன் புட்டியைச் சுரண்டியிருந்த இடத்தில் அந்த ஒடுக்கு. கிரி அதன் அருகில் நின்றான். ஒடுக்கு அவன் தொடை உயரத்துக்குத்தான் இருந்தது. ஒரு குழந்தையின் இடுப்பு அந்த உயரத்தில்தான் வரும்.

"லைட்டுக்குப் பின்னால பாருங்க சார். நான் எடுக்கல. இருந்த இடத்துலயே விட்டு வச்சிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் கையுறை போட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது அவர் விரல்களில் ஒரு சைக்கிள் மணியின் மூடி இருந்தது. சின்ன சைக்கிளின் மணி. மேலே ஒட்டியிருந்த பட்டாம்பூச்சி ஸ்டிக்கரில் ஒரு இறக்கை மட்டும் மிச்சம்.

"பாப்பாவுக்கு எட்டு வயசு," என்றார் இன்ஸ்பெக்டர்.

கிரி வேதாவைப் பார்த்தான். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். தான் தட்டியபோது உள்ளேயிருந்து பதில் சொன்னது எது என்று இப்போது தெரிந்தது. அதற்குப் பயந்துபோய்த் தான் பின்னால் நகர்ந்தது நினைவுக்கு வந்து, கிரிக்குத் தாங்க முடியாமல் வெட்கமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் அதைப் பையில் போடத் திரும்பியபோது, மூடி மட்கார்டின் விளிம்பில் பட்டு ஒரு முறை கிளிங் என்றது. வழி விடச் சொல்லித் தெருவில் குழந்தைகள் அடிக்கிற அதே சத்தம்.

கொட்டகையில் இருந்த எல்லோரும் ஓர் அடி ஒதுங்கி நின்றார்கள்.